இசைப் பெரியார் ஹாண்டல்

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் பிறந்தவுடன் கிறிஸ்தவர் இல்லங்களின் முகப்பிலே வண்ணக் காகிதத்தாலாய விண்மீன்கள் தொங்குகின்றன. புத்தாடை எடுப்பதும், பலகாரம் சுடுவதும், வாழ்த்து மடல் விடுப்பதுமாக நாட்கள் விரைந்து கழிகின்றன. கல்லூரிச் சிற்றாலயத்திலும் பாடகர் குழுவினர் மாலைதோறும் கூடிப் பயிற்சி செய்வர். அக்குழுவின் பின்வரிசையில் நின்று பாடும் பேறு எமக்கும் வாய்த்துள்ளது. விழா ஆராதனையின் முடிவில் ஹாண்டல் இயற்றிய அல்லேலூயாப் பாடலை யாம் முழங்குவதும், அதனைக் கேட்டுச் சபையார் அனைவரும் எழுந்து நிற்பதும் வழக்கம். பெத்லகேமின் வயல்வெளியிலே தேவதூதர் பாடிய பாட்டு இதுவே என்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சென்ற விடுமுறையில் அப்பாடல் அமைந்துள்ள மேசியா என்னும் இசைநூல் முழுவதையும் எடுத்து, அதன் சொற்கள் திருமறையின் எவ்வெவ்விடங்களினின்று வந்தன என்பதைத் தமிழ் வேதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கலானோம். எமது எண்ணம் பிழையென்பது அப்போதே புலனாயிற்று. அல்லேலூயாப் பாடல் தொழுவத்தின் பாட்டன்று; சிலுவையையும் கல்லறையையும் கடந்த பின்னரே எழுகின்ற வெற்றிப்பாட்டு அது. பல்லாண்டுகளாகப் பாடியும் பொருளறியாதிருந்தமைக்கு நாணினோம். இவ்வுண்மையை எமக்கு உணர்த்திய இசைப் பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜெர்மனி நாட்டில் சாலே ஆற்றின் கரையில் ஹாலே என்னும் நகர் உளது. அந்நகரில் 1685ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் ஜார்ஜ் பிரெடெரிக் ஹாண்டல் பிறந்தார். மற்றோர் இசைப் பேரறிஞராகிய பாக் என்பவரும் அதே ஆண்டில் அதே நாட்டில் பிறந்தார். எனினும் இருவரும் தம் வாழ்நாளில் ஒருகாலும் சந்தித்திலர். ஹாண்டலின் தந்தையார் அக்கால முறைப்படி நாவிதத் தொழிலும் அறுவை மருத்துவமும் ஒருங்கே கற்று, அரண்மனை மருத்துவராய் உயர்ந்தவர். மகன் பிறந்த காலை அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். அன்னையார் லுத்தரன் சபைக் குரு ஒருவரின் புதல்வியார். ஆதலின் திருமறையின் சொற்களும் ஆலயத்தின் ஞானப்பாட்டுகளும் குழந்தைப் பருவத்திலேயே அவர் செவியிற் புகுந்தன.

தந்தையார் மகனை வழக்கறிஞனாக்க விரும்பினார். இசை வயிற்றுக்குச் சோறிடாது என்பது அவர் கருத்து. சிறுவரோ வீட்டின் மேல்மாடத்தில் ஒரு சிறிய இசைப்பெட்டியை மறைத்துவைத்து, பிறர் உறங்கிய பின் பழகினார் என்பர். ஒருகால் தந்தையாருடன் வைசன்பெல்ஸ் அரண்மனைக்குச் சென்றபோது, அவர் ஆர்கன் வாசித்ததைக் கேட்ட அந்நாட்டுப் பிரபு, இச்சிறுவனின் திறமையை அடக்கலாகாது எனத் தந்தையாரை வற்புறுத்தினார் என்றும் கூறுவர். அதன் பயனாக ஹாலே நகர ஆலயம் ஒன்றின் இசையாசிரியராகிய சாக்கோ என்பாரிடம் ஹாண்டல் மாணாக்கரானார். ஆர்கனும் வயலினும் மட்டுமின்றி, பாடலுக்கு இசை அமைக்கும் முறையையும் அவ்வாசிரியரே கற்பித்தார். 1697இல் தந்தையார் காலமானார். அவரது விருப்பத்தை மதித்துப்போலும், 1702இல் ஹாண்டல் ஹாலே பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நகரின் ஓர் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியையும் ஏற்றார்.

ஹாலே என்னும் பெயர் தமிழ்க் கிறிஸ்தவர்க்குப் புதியதன்று. பிராங்கே ஐயர் அனாதைச் சாலையும் கல்விச் சாலைகளும் நிறுவிப் பக்திநெறியை வளர்த்த நகர் அது. ஹாண்டல் சேர்ந்த மறுவருடம் அதே பல்கலைக் கழகத்திற் பயின்றவர் சீகன்பால்கு ஐயர். அவர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அதே 1706இல் ஹாண்டல் இசைக்கலையின் தாயகமாகிய இத்தாலியை நோக்கிப் புறப்பட்டார். ஒருவர் திருமறையைத் தமிழர்க்குத் தமிழிலே தரக் கீழ்த்திசை வந்தார். மற்றவர் புகழை நாடித் தென்றிசை சென்றார். அவரும் திருமறைக்கே தம் கலையை ஒப்புவிக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

இத்தாலியில் ஹாண்டல் ஏறத்தாழ நான்காண்டுகள் தங்கினார். உரோமாபுரியில் கிறிஸ்து பிறந்த திருநாட்காலத்தே மலைநாட்டு ஆயர்கள் நகருக்குள் இறங்கிவந்து, மரியன்னையின் படிமங்களுக்கு முன்னே தம் நாட்டுக் குழல்களை ஊதுவது வழக்கம். ஓயாது ஒரே சுரத்தில் ஒலிக்கும் ஒத்தின்மேல் தாலாட்டைப்போல் அசைந்து செல்லும் எளிய இசை அது. அவ்வேழைகளின் இசையை ஹாண்டலின் உள்ளம் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1710இல் ஹானோவர் அரசவையில் இசைத் தலைவராக அமர்ந்த அவர், அவ்வாண்டின் முடிவிலேயே இலண்டன் சென்றார். 1711இல் ரினால்டோ என்னும் அவரது இசைநாடகம் அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றது. பின்னர் அந்நகரே அவருக்கு நிலையான இருப்பிடமாயிற்று. 1727இல் பாராளுமன்றச் சட்டத்தால் அவர் ஆங்கிலக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டே இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அவர் அமைத்த இசை இன்றளவும் அந்நாட்டு முடிசூட்டு விழாக்களில் ஒலிக்கின்றது. செல்வரும் சீமாட்டிகளும் அவர் நாடகங்களைக் காணத் திரண்டனர். இத்தாலியிலிருந்து புகழ்மிக்க பாடகர்கள் பெரும்பொருள் கொடுத்து வரவழைக்கப்பட்டனர்.

உலகப் புகழ் நீர்மேற் குமிழி அன்றோ? இத்தாலிய மொழியில் நடக்கும் இசைநாடகத்தில் ஆங்கில மக்களுக்கு மெல்ல மெல்லச் சலிப்புத் தட்டியது. 1733இல் பிரபுக்கள் சிலர் கூடி அவருக்கு எதிராக வேறொரு நாடகக் குழுவை அமைத்தனர். ஒரே நகரில் இரு குழுக்கள் பிழைத்தல் அரிதாயிற்று, இரண்டும் நலிந்தன. 1737ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாண்டலை வாதநோய் தாக்கியது. இசைக்கருவிகளை ஆண்ட அவரது வலக்கை செயலற்றுப் போயிற்று. ஜெர்மனியிலுள்ள ஆகன் நகரின் வெந்நீர் ஊற்றுகளிற் பன்முறை நீராடி, அவர் வியக்கத்தக்க வகையில் நலம்பெற்றுத் திரும்பினார். ஆயினும் நாடக அரங்கு பழைய நிலைக்கு மீளவில்லை. 1741ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரங்கேறிய அவரது கடைசி இசைநாடகம் மூன்று முறையே நடைபெற்று நின்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

இச்சமயத்திலே சார்ல்ஸ் ஜென்னன்ஸ் என்னும் செல்வர் ஒரு சொற்றொகுப்பை ஹாண்டலிடம் அளித்தார். தீர்க்கதரிசனம் பொய், அற்புதம் பொய் என்று வாதித்த அறிஞர் பலர் அக்காலத்து இங்கிலாந்தில் இருந்தனர். ஜென்னன்ஸ் அவர்களோடு வாதிடவில்லை. தம் கவிதையாக ஓரடியும் எழுதினாரல்லர். ஏசாயா, ஆகாய், சகரியா, மல்கியா ஆகிய தீர்க்கர்களின் வாக்குகளையும், சங்கீதங்களையும், யோபுவையும், புலம்பலையும், சுவிசேஷங்களையும், பவுலின் நிருபங்களையும், வெளிப்படுத்தின விசேஷத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரல்படக் கோத்து, திருமறையே திருமறையை விளக்குமாறு செய்தார். வேடமும் நடிப்பும் இன்றி, பாட்டாலும் வாத்தியத்தாலும் மட்டும் திருமறைப் பொருளை விரித்துரைக்கும் இவ்வகை இசைநூலை ஒரட்டோரியோ என்பர்.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் புரூக் தெருவிலிருந்த தம் இல்லத்தில் ஹாண்டல் இசையமைக்கத் தொடங்கினார். அத்திங்கள் 28ஆம் நாள் முதற்பகுதி முடிந்தது. செப்டம்பர் 6ஆம் நாள் இரண்டாம் பகுதியும், 12ஆம் நாள் மூன்றாம் பகுதியும் முடிந்தன. 14ஆம் நாள் நூல் முற்றுப்பெற்றது. முன்னர் வாதத்தால் மடங்கிய கை, இருபத்து நான்கே நாட்களில் இம்மாபெரும் நூலை எழுதி முடித்தது!

அந்நூலின் அமைப்பை இனிக் காண்போம். முதற்பகுதி ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் ஆறுதல் மொழியோடு தொடங்குகின்றது. ஒரே குரல், மெல்லிய நரம்பிசையின்மேல், சிறைப்பட்டுச் சோர்ந்த மக்களைத் தேற்றுகின்றது. பின்னர் இருளில் நடந்தோர் காணும் ஒளியும், நமக்காகப் பிறக்கும் பாலகனும் பாடப்பெறுகின்றனர். அப்பாலகனைப் பாடும் கோரஸின் இசையைச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஓர் இத்தாலியக் காதற்பாட்டுக்காக ஹாண்டல் அமைத்திருந்தார். உலகியற் பாட்டுக்கு அமைந்த இசை, ஏசாயாவின் சொல்லை ஏற்றவுடன் வழிபாடாயிற்று. இசை ஒரு கலம். அதில் ஊற்றப்படுவது யாது என்பதே அதனைத் தூயதாக்குகின்றது.

அடுத்து, உரோமாபுரியில் ஆயர் ஊதிய குழலிசையின் சாயல் நரம்புக் கருவிகளில் எழுகின்றது. அதன் தலைப்பில் அக்குழலோரை நினைவூட்டும் பிஃபா என்னும் சொல்லையே ஹாண்டல் தம் கையால் எழுதியுள்ளார். உடனே லூக்கா 2ஆம் அதிகாரத்தின் இராக்காட்சி வருகின்றது. தூதர் கூட்டம் பாடுமிடத்தே எக்காளங்கள் முதன்முறையாக ஒலிக்கின்றன. ஆயினும் அவை தொலைவினின்று மெல்லென ஒலித்தல் வேண்டும் என்பது ஹாண்டலின் குறிப்பு. முரசு அங்கு இல்லை. அச்சேனை வந்தவாறே விண்ணில் மறைந்துபோகின்றது.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உளது. லூக்காவின் வசனங்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி வந்த யாம், 12ஆம் வசனம் விடப்பட்டிருத்தலைக் கண்டோம். குழந்தை முன்னணையிற் கிடத்தப்பட்ட செய்தி அவ்வசனத்தில் உள்ளது. உலகமெங்கும் கிறிஸ்மஸ் இசையென்று போற்றப்படும் நூலிலே முன்னணை இல்லை, விண்மீன் இல்லை, பொன்னும் தூபவர்க்கமும் ஏந்திய சாஸ்திரிகளும் இல்லை! நாம் திருநாள் என்று எவற்றையெல்லாம் ஜோடிக்கின்றோமோ அவை இன்றியே இந்நூல் நடக்கின்றது. பிறந்தவர் இரட்சகர் என்னும் செய்தி ஒன்றே அங்கு நிற்கின்றது.

இரண்டாம் பகுதி தொடங்கியதும் இசை இருண்டுவிடுகின்றது. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டியைக் காணுமாறு கோரஸ் நம்மை அழைக்கின்றது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் துன்புறும் தாசன், அசட்டைபண்ணப்பட்டவராய் நம்முன் நிற்கின்றார். முதற்பகுதியில் பிறந்த பாலகனே இவர். அவமானமும் மரணமும் உயிர்த்தெழுதலும், நற்செய்தி உலகெங்கும் செல்லுதலும், அதனை எதிர்க்கும் அரசர்களின் கொந்தளிப்பும் பாடப்பெற்ற பின்னரே அல்லேலூயா எழுகின்றது. நூலில் முரசு முதன்முதலாக முழங்குவதும் ஆங்கேதான். தூதர் பாட்டிற்குக் கொடாத முரசைச் சிலுவையின் வெற்றிக்கென்று ஹாண்டல் காத்துவைத்திருந்தார் போலும்! மூன்றாம் பகுதி யோபுவின் நம்பிக்கையோடு தொடங்கி, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவரின் மகிமையிலும் ஆமென் என்னும் பெருங்கோரஸிலும் முடிகின்றது.

இந்நூல் முதன்முதலாகப் பாடப்பெற்றது கிறிஸ்மஸில் அன்று. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமையில், பிஷாம்பிள் தெருவின் இசை மண்டபத்தில் அது அரங்கேறியது. இடநெருக்கடியை எண்ணி, பெருமாட்டிகள் வளையமிட்ட அகன்ற பாவாடையின்றியும் பெருமக்கள் உடைவாளின்றியும் வருமாறு வேண்டப்பட்டனர். ஏறக்குறைய எழுநூறு பேர் கூடினர். கிடைத்த பொருள் இரு மருத்துவச் சாலைகளுக்கும், கடனால் சிறைப்பட்டோரை மீட்பதற்கும் பங்கிடப்பட்டது. அதனால் 142 சிறைவாசிகள் விடுதலை பெற்றனர். சிறைப்பட்டோரைத் தேற்றும் ஏசாயாவின் சொல்லோடு தொடங்கும் பாட்டு, தான் பாடியதை அன்றே செய்தும் காட்டியது.

அன்று ஏசாயா 53ஆம் அதிகாரத்துப் பாடலைப் பாடியவர் சூசன்னா சிப்பர் என்னும் நடிகை. குடும்ப வழக்கொன்றால் இலண்டன் மாந்தரின் ஏளனத்துக்கு ஆளாகி, அந்நகரை விட்டு அகன்றிருந்தவர் அவர். தேர்ந்த பாடகரின் பெருங்குரல் அவருக்கு இல்லை. எனினும் உலகத்தாரால் இகழப்பட்ட ஒருத்தி, உலகத்தாரால் இகழப்பட்ட ஆண்டவரைக் குறித்துப் பாடியபோது கேட்டோர் உள்ளம் உருகியது. சபையிலிருந்த ஒரு குருவானவர் தம்மை மறந்து, அப்பெண்ணின் பாவமெல்லாம் மன்னிக்கப்படுக என வாய்விட்டுக் கூறினார் என்பர்.

மறுவருடம் மார்ச்சு 23ஆம் நாள் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் இந்நூல் பாடப்பெற்றது. நடிகர் நடமாடும் கொட்டகையிலே கடவுளின் வார்த்தையைப் பாடலாமோ என்று பலர் வெகுண்டனர். அவ்வெதிர்ப்பை முன்னறிந்தே மேசியா என்னும் பெயரைக் கூறாது, புதிய திருமறை ஒரட்டோரியோ என்று மட்டும் விளம்பரம் செய்திருந்தனர். அதனாலும் பயனில்லை, அந்நகரில் இந்நூல் சில ஆண்டுகள் போற்றுவாரின்றிக் கிடந்தது.

அதற்கு வாழ்வளித்தவர் ஏழைக் குழந்தைகளே. தாமஸ் கோரம் என்னும் கடலோடி, இலண்டன் தெருக்களில் எறியப்பட்ட மகவுகளைக் கண்டு மனமிரங்கி, 1739இல் அரசாணை பெற்று ஓர் அனாதைச் சாலையை நிறுவியிருந்தார். அச்சாலையின் ஆலயத்துக்கு ஹாண்டல் ஓர் ஆர்கனை அளித்தார். 1750ஆம் ஆண்டு மே முதல் நாள் அங்கு மேசியாவைப் பாடுவித்தார். இடமின்றித் திரும்பியோர் பலராதலின் இரு வாரங்களில் மீண்டும் பாடவேண்டியதாயிற்று. அதுமுதல் ஆண்டுதோறும் அது அங்குப் பாடப்பெற்று, அதன் வருவாய் அப்பிள்ளைகளுக்குச் சேர்ந்தது. நூலின் படி ஒன்றையும் தம் விருப்பாவணத்தில் அச்சாலைக்கே எழுதிவைத்தார். தாயற்ற குழந்தைகளின் இல்லத்திலே, நமக்காகப் பிறந்த பாலகனின் பாட்டு வேரூன்றியது. முன்னணையைப் பாடாத நூல் ஒரு முன்னணையைத் தேடிச் சென்றமர்ந்தது எனின் மிகையாகாது.

1751இல், கடவுளின் கட்டளைகள் மாந்தர்க்கு மறைந்திருத்தலைக் கூறும் ஒரு கோரஸை எழுதிக்கொண்டிருந்தபோது ஹாண்டலின் இடக்கண் ஒளி மங்கியது. எழுத இயலாது நிறுத்தினமையை அத்தாளிலேயே குறித்துவைத்தார். பின்னர் இரு கண்களும் இருண்டன, மருத்துவம் பயனளித்திலது. ஆயினும் அவர் தம் பணியினின்று ஓய்ந்தாரில்லை. பார்வையின்றியே ஆர்கன் வாசித்தார். ஆண்டுதோறும் மேசியாவைக் கேட்டார். 1759ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அதனைக் கடைசியாகக் கேட்டு இல்லம் திரும்பியவர் மீண்டும் வெளிவரவில்லை. அத்திங்கள் 14ஆம் நாள், பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இடைப்பட்ட சனிக்கிழமையன்று அவர் ஆவி பிரிந்தது. அவர் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். அங்கு நிற்கும் அவரது சிலையின் முன்னே விரிந்துள்ள ஏடு, மீட்பர் உயிரோடிருக்கிறார் என்னும் யோபுவின் நம்பிக்கையைப் பாடும் ஏடேயாம்.

ஹாண்டல் உயிரோடிருந்த காலத்தில் மேசியா பெரும்பாலும் உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய காலத்திலேயே பாடப்பெற்றது. பின்வந்தோர்தாம் அதனை டிசம்பருக்கு நகர்த்தினர். 1818இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிறிஸ்மஸ் நாளன்றே அது முழுமையாகப் பாடப்பெற்றது. இம்மாற்றம் தவறென யாம் கூற வரவில்லை. முழுநூலையும் கிறிஸ்மஸில் பாடுவோர் தொழுவத்திலிருந்து சிலுவைக்கும், சிலுவையிலிருந்து திறந்த கல்லறைக்கும் ஒருங்கே செல்கின்றனர். முதற்பகுதியைப் பாடி, நடுவிலுள்ளதை விடுத்து, அல்லேலூயாவை மட்டும் ஒட்டிக்கொள்ளும் எம்மனோரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். துன்புறும் தாசனை விடுத்துவிட்டு வெற்றி முரசை மட்டும் கொட்டுதல் விதையாது அறுக்க முயல்வதாம். அதுபோன்றே, இரட்சகரை மறந்து விண்மீனை மட்டும் தொங்கவிடுதலும் ஒரு திருநாளாமோ?

எமது பாடகர் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வருகின்ற விழாவில் அல்லேலூயாவைப் பாடுமுன், குழுவில் ஒருவர் ஏசாயா 53ஆம் அதிகாரத்தைத் தமிழில் உரக்க வாசிக்கட்டும். அதற்குச் சில நிமிடங்களே போதும். அன்று காணிக்கையாகச் சேரும் பொருள், டப்ளினில் நடந்ததுபோல, அல்லலுறும் ஒருவரின் கட்டை அவிழ்க்கச் செல்லட்டும். அதன்பின் சபையார் எழுந்து நிற்கும்போது, தாம் எதற்காக நிற்கின்றோம் என்பதை அறிந்து நிற்பர். பின்வரிசையில் நிற்கும் யாமும் அறிந்து பாடுவோம்.